ஒரு சென்டிமீட்டர் சிரையும் முப்பது அறுவைகளும்: அட்ரினல் லேப்ராஸ்கோப்பியில் கை தேறும் விதம்

ஹார்மோன்களைச் சுரக்கும் வலது அட்ரினல் சுரப்பியிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுவரும் பிரதான சிரையின் நீளம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. பலரிடம் அதில் பாதிதான் இருக்கும். உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தையெல்லாம் இதயத்துக்குச் சுமந்து செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையின் பக்கச் சுவரில், சற்றுப் பின்புறமாக, அது நேரடியாகப் போய்த் திறக்கிறது. சிறு துளைகள் வழியே கேமராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அந்தச் சுரப்பியை அகற்றும் மருத்துவர் கல்லீரலைத் தூக்கிப் பிடித்து, பெருஞ்சிரையின் ஓரத்தை ஒட்டி மேலே நகர்ந்து, அந்தச் சிறு குழாயைச் சுற்றிலும் விடுவித்து, பெருஞ்சிரைப் பக்கம் இரண்டு கிளிப்புகளும் சுரப்பிப் பக்கம் ஒன்றுமாகப் போட்டு நடுவில் வெட்ட வேண்டும். கிளிப் போடவே அரை சென்டிமீட்டர் போய்விடும். இழுப்பு சற்று அதிகமானால் சிரை கிழிவது அதன் நடுவில் இல்லை, பெருஞ்சிரையோடு சேரும் வேரில். அப்போது திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். அடுத்த சில நொடிகளில் அந்த மருத்துவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மீதிக் கதை அமையும்.

இந்த ஒரு சென்டிமீட்டரைப் பதற்றமில்லாமல் கையாளும் நிலையை ஒரு புதிய அறுவை மருத்துவர் எப்படி அடைகிறார், அதற்கு எத்தனை அறுவைகள் தேவை, அதுவரை நோயாளியின் பாதுகாப்பை யார் ஏற்கிறார்கள் என்பவை மருத்துவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய கேள்விகள் இல்லை.

அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் சிறுநீரகங்களின் மேல்முனையில், வயிற்றின் பின்சுவரை ஒட்டி, கொழுப்புக்குள் புதைந்து கிடப்பவை. இயல்பான சுரப்பி ஒன்றின் எடை நான்கைந்து கிராம். சுற்றியுள்ள வெளிர்மஞ்சள் கொழுப்பிலிருந்து அதை அடையாளம் காட்டுவது சற்றே ஆழ்ந்த பொன்மஞ்சள் நிறம் மட்டும்தான். இவ்வளவு சிறிய உறுப்பை எடுப்பதற்கு முன்பெல்லாம் விலா எலும்பை ஒட்டி நீண்ட வெட்டுப் போட்டார்கள். சில நேரங்களில் விலாவையே அகற்றினார்கள். உள்ளே எடுத்த கட்டி நெல்லிக்காய் அளவு இருக்கும். வெளியே தழும்பு ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும். 1992இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த மிஷேல் கான்யே குழுவினர், பக்கவாட்டில் படுக்கவைத்து வயிற்றறை வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் இந்தச் சுரப்பியை அகற்றியதைச் சிறு கடிதமாக மருத்துவ இதழில் வெளியிட்டபோது, அந்த ஏற்றத்தாழ்வு மறையத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள், புற்றுநோய் என்ற சந்தேகமில்லாத சிறிய, நடுத்தரக் கட்டிகளுக்கு இதுவே வழக்கமான முறையாகிவிட்டது. வலி குறைந்தது, மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன, வெட்டுக்காயக் குடலிறக்கம் அரிதானது.

நோயாளிக்கு எளிதாக்கிய இந்த முறை, கற்பவருக்குக் கடினமாகவே வந்து சேர்ந்தது. வயிற்றுச் சுவரில் பொருத்திய குழாய் ஒரு நெம்புகோல் தாங்கியைப் போல ஆகிவிடுவதால், கையை வலப்பக்கம் அசைத்தால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். கண் பார்ப்பது ஆழமில்லாத தட்டைத் திரையை. விரல் தொட்டு உணர்ந்த தகவலில் பெரும்பகுதி கிடைப்பதில்லை. திறந்த அறுவையில் இருபது ஆண்டு கைதேர்ந்தவரும் இங்கே சில காலம் மாணவராகத்தான் இருக்க வேண்டும்.

'கற்றல் வளைவு' என்ற சொல் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. 1936இல் டி.பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர், விமான உற்பத்தி எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் ஒரு விமானத்துக்கான உழைப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவதைக் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கோடு தொடக்கத்தில் வேகமாகச் சரிந்து, போகப் போகத் தட்டையாகும். அறுவை அரங்குக்கு இந்தச் சொல் உண்மையான கனத்தோடு வந்தது, பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும் முறை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டுத்தீயாகப் பரவியபோதுதான். வார இறுதிப் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டுவிட்டுத் திங்கட்கிழமை நோயாளியிடம் கருவியை எடுத்தவர்கள் இருந்தார்கள். 55 அமெரிக்க அறுவை மருத்துவர்கள் செய்த 8,839 பித்தப்பை அறுவைகளை ஆராய்ந்து 1995இல் வெளியான ஆய்வு, பித்தநாளக் காயங்கள் மொத்தம் 15 என்றும், அவற்றில் 90 விழுக்காடு ஒவ்வொரு மருத்துவரின் முதல் 30 அறுவைகளுக்குள்ளேயே நேர்ந்தன என்றும் காட்டியது. முதல் அறுவையில் காயத்துக்கான வாய்ப்பு 1.7 விழுக்காடு, ஐம்பதாவதில் 0.17 விழுக்காடு. பத்து மடங்கு வேறுபாடு. இந்த எண்களைப் படிக்கும்போது, அந்த முதல் அறுவையின் மேசையில் படுத்திருந்தவரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். தான் எத்தனையாவது ஆள் என்பது அவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது.

பித்தப்பை அறுவை ஏராளமாக நடப்பது. ஆர்வமுள்ள பயிற்சி மருத்துவர் ஒருவர் ஓராண்டிலேயே முப்பதைத் தாண்டிவிடலாம். அட்ரினலின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வேறு காரணத்துக்காக சி.டி. ஸ்கேன் எடுக்கும் பெரியவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு அட்ரினலில் சிறு கட்டி தற்செயலாகத் தென்படுகிறது என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை எதையும் சுரக்காத, வளராத, விட்டுவிட வேண்டிய கட்டிகள். அறுவை வரை வருபவை சிலவே. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 2013–14ஆம் ஆண்டில் நடந்த அட்ரினல் அறுவைகளைக் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 800 அறுவைகளை 222 மருத்துவர்கள் பகிர்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. சராசரியாகத் தலைக்கு ஆண்டுக்கு நான்குகூட இல்லை. உண்மையான பங்கீடு அதைவிடக் கோணலானது: ஒருவர் ஆண்டுக்கு முப்பதுக்கு மேல் செய்ய, மிகப் பலர் ஒன்றோ இரண்டோ செய்திருந்தார்கள். ஆண்டுக்கு ஆறோ அதற்கு மேலோ செய்தவர்கள் ஆறில் ஒருவர் மட்டுமே. அவர்களிடம் அறுவை செய்துகொண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினார்கள், மீண்டும் மருத்துவமனைக்கு வருவதும் அவர்களிடையே குறைவாக இருந்தது.

இப்போது 'எத்தனை அறுவைக்குப் பின் கை தேறும்' என்ற கேள்விக்கு வருவோம். வயிற்றறை வழி அட்ரினல் லேப்ராஸ்கோப்பிக்கு வெளியான ஆய்வுகள் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைச் சொல்கின்றன. துறைக்குள் பேச்சுவழக்கில் முப்பது என்பது நிலைத்துவிட்டது. ஆண்டுக்குச் சராசரி நான்குக்கும் குறைவாகச் செய்பவர் முப்பதை எட்ட எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதிலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று மாத இடைவெளி விழுந்தால், போன முறை கை கற்றதில் எவ்வளவு இந்த முறைக்கு மிஞ்சியிருக்கும்? இரண்டு ஆண்டில் முப்பது செய்தவரும் பத்து ஆண்டில் முப்பது செய்தவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று ஏற்க என்னால் முடியவில்லை. ஆனால் ஆய்வுத்தாள்களின் வரைபடத்தில் கிடைமட்டக் கோட்டில் இருப்பது அறுவையின் வரிசை எண் மட்டும்தான். நாட்காட்டி அங்கே இல்லை.

செங்குத்துக் கோட்டில் இருப்பது என்ன என்பதும் கேட்கத்தக்கது. பெரும்பாலும் அது அறுவை நேரம். நேரத்தை அளப்பது எளிது என்பதே அதற்கு முதல் காரணம். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஈ.எஸ். பேஜ் 1954இல் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்காக வகுத்த 'திரள் கூட்டல்' முறையை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அறுவையும் சராசரியைவிட எத்தனை நிமிடம் கூடுதலாக எடுத்தது அல்லது குறைவாக எடுத்தது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால், தொடக்கத்தில் கோடு மேலேறும், பிறகு மட்டமாகும், பின் இறங்கும். திரும்பும் இடத்தைக் கற்றல் முடிந்த இடமாகக் கொள்கிறார்கள். 1994இல் லண்டனில் பச்சிளம் குழந்தைகளின் இதய அறுவை முடிவுகளை இதே வகைக் கணக்கால் ஆராய்ந்த மார்க் டி லவால், தன்னுடைய அறுவைகளிலேயே தோல்விகள் ஓரிடத்தில் குவிந்திருந்ததை வெளிப்படையாக வெளியிட்டார். தன் கணக்கைத் தானே இப்படித் திறந்து காட்டிய அந்த நேர்மை இத்துறைக்கு ஒரு கொடை. அவர் அளந்தது உயிரிழப்பையும் அதற்கு அருகில் சென்று மீண்டதையும். நிமிடங்களை மட்டும் அளக்கும் வரைபடம் அந்த அளவுக்கு எதையும் சொல்லாது. பழகப் பழக மருத்துவர் கடினமான கட்டிகளையும் ஏற்கத் தொடங்குவார். நேரம் மறுபடி கூடும். வரைபடத்தில் அது பின்னடைவு போலத் தெரியும், உண்மையில் அது தைரியம். எதிர்ப்பக்கமாக, சிரையைத் தேடாமல் வேகமாகக் கடந்து போகிறவரின் கோடு அழகாக இறங்கிக்கொண்டே இருக்கும், ஒருநாள் வரை.

சுரப்பிக்குள் ரத்தம் வரும் வழிகள் பல. உதரவிதானத் தமனி, பெருந்தமனி, சிறுநீரகத் தமனி மூன்றிலிருந்தும் நூலிழை போன்ற கிளைகள் வந்து சேரும்; அவற்றை மீயொலிக் கத்தியோ மின்னாற்றல் கருவியோ சுட்டு அடைத்துவிடும். வெளியேறும் வழி பெரும்பாலும் ஒன்றே என்பதால் அறுவையின் மையம் அந்தச் சிரையாகிறது. ஆனால் அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் 546 லேப்ராஸ்கோப்பி அறுவைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டபோது, 13 விழுக்காட்டினரிடம் சிரையின் அமைப்பு பாடநூலில் உள்ளபடி இல்லை: இரண்டாகவோ அதற்கு மேலோ பிரிந்திருந்தது, அல்லது வேறிடத்தில் போய்ச் சேர்ந்தது. வலப்பக்கத்திலும், பெரிய கட்டிகளிலும், ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினலின் சுரக்கும் கட்டிகளிலும் இது கூடுதல். முப்பது அறுவை செய்தவர் இந்தக் கணக்கின்படி மாறுபட்ட சிரையை நான்கு முறை பார்த்திருப்பார். நான்கு முறை பார்த்ததை வைத்து ஒருவர் ஐந்தாவது வகையை முன்கூட்டி ஊகிக்க முடியாது. ஸ்கேன் படங்களை அறுவைக்கு முந்தைய நாள் தானே ஒவ்வொரு அடுக்காகத் தள்ளிப் பார்க்கும் பழக்கமும், மேலும் அருகில் நின்று வழிகாட்டுபவரின் நினைவுக் கிடங்கும்தான் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன.

வலமும் இடமும் இரண்டு வேறு அறுவைகள் என்று சொன்னால் மிகையாகாது. இடப்பக்கத்தில் சிரை நீளமானது. உதரவிதானச் சிரையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சிறுநீரகச் சிரையில் போய் இறங்கும். கிளிப் போட இடம் தாராளமாக உண்டு. ஆனால் அதுவரை போவதற்குப் பெருங்குடலின் வளைவை இறக்கி, மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். நோயாளி வலப்பக்கம் சாய்ந்து படுத்திருப்பதால், சரியான தளத்தில் வெட்டிக்கொண்டு போனால் அவை தம் எடையாலேயே புத்தகத்தின் பக்கம் புரள்வதுபோல் விலகிக்கொள்ளும். தளம் தவறினால் கணைய வாலையே சுரப்பி என்று எண்ணிக் கை வைக்கும் ஆபத்து உண்டு. இரண்டும் நிறத்திலும் மடிப்பிலும் ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருப்பவை. வலப்பக்கத்தில் வழி குறுகியது, முடிவில் உள்ள இடம் அபாயமானது. இடப்பக்கத்தில் வழி நீண்டது, முடிவு ஆறுதலானது. ஆகவே 'முப்பது' என்பது பக்கத்துக்குப் பதினைந்தாகக் குறைந்துவிடுகிறது. இதை வெளியிடப்பட்ட எண்களைப் படிக்கும் எவரும் மனதில் கொள்ள வேண்டும்.

முதல் அறுவைகளுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நல்ல பயிற்சித் துறைக்கும் ஏனோதானோ என்று நடக்கும் துறைக்கும் வேறுபாடு தெரியும். கான் நோய்க்குறி எனப்படும், ஆல்டோஸ்டிரோன் மிகுதியால் ரத்த அழுத்தம் ஏறும் நோயாளிகளின் கட்டி பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும். தொட்டால் எதையும் கொட்டிவிடாது. ஒல்லியான உடலில், இடப்பக்கத்தில் அத்தகைய கட்டி இருப்பது தொடக்கத்துக்கு ஏற்றது. கார்டிசோல் மிகுதியால் வரும் குஷிங் நோய்க்குறி அப்படியல்ல. உடலுக்குள் கொழுப்பு மலையாகக் குவிந்திருக்கும், திசுக்கள் ஈரக் காகிதம் போலக் கிழியும், காயம் ஆறத் தாமதமாகும். மேலும் ஒரு பக்கச் சுரப்பி அளவுக்கு மீறிக் கார்டிசோல் சுரந்துகொண்டிருந்ததால் மறுபக்கச் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு மருந்து கொடுக்காவிட்டால், தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நோயாளி உயிராபத்தான நிலைக்குப் போகலாம். கை தேறுவது என்பதில் இந்த அறிவும் அடங்கும். கடிகாரம் அதை அளக்காது.

ஃபியோகுரோமோசைட்டோமாவுக்கு ஒரு தனிப் பத்தி தேவை. அந்தக் கட்டியைக் கருவியால் அழுத்தினாலே அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் கொட்டி, அழுத்தம் நொடிகளில் 200ஐத் தாண்டும். எனவே அறுவைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்து, உப்பும் நீரும் தாராளமாகச் சேர்த்து, ரத்தநாளங்களை விரியவைத்துத் தயார் செய்கிறார்கள். பீட்டா தடுப்பு மருந்து தேவைப்பட்டால் ஆல்ஃபா மருந்துக்குப் பிறகே. வரிசை மாறினால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். அரங்குக்குள் பழகிய குழுவின் பேச்சைக் கேட்டால் இந்த அறுவையின் இயல்பு புரியும். அறுவை மருத்துவர், "கட்டிக்குப் பக்கத்தில் போகிறேன்" என்பார். மயக்கவியல் மருத்துவர் திரையைப் பார்த்து, "நூற்றெண்பது, சற்று நிறுத்துங்கள்" என்பார். கருவிகள் அசையாமல் நிற்கும். மருந்து ஏறி அழுத்தம் இறங்கியதும், "இப்போது போகலாம்" என்று குரல் வரும். பிறகு, "சிரைக்குக் கிளிப் போடப் போகிறேன்" என்ற அறிவிப்பு. அடுத்த நிமிடத்தில் அழுத்தம் தலைகீழாக விழும் என்பது இருவருக்கும் தெரியும். கற்பவர் இங்கே பழக வேண்டியது நிறுத்துவதற்கு. கட்டியைப் பிடிக்காமல், அதைச் சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்தும் தள்ளியும் வேலை செய்ய வேண்டும். கட்டியை நோயாளியிடமிருந்து பிரிப்பதைவிட நோயாளியைக் கட்டியிடமிருந்து பிரித்தெடு என்று மூத்தவர்கள் சொல்வது இதைத்தான். ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிய, ஓரம் ஒழுங்கற்ற கட்டியானால் புற்றுநோய்ச் சந்தேகம் எழும். அது பயிற்சிக்கான களம் இல்லை. உறை கிழிந்தால் நோய் வயிற்றறை முழுக்கச் சிதறும்.

அரங்குக்கு வெளியே கற்கக்கூடியதை வெளியிலேயே கற்றுவிட வேண்டும் என்ற எண்ணம் இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சிப் பெட்டியை அடிப்படையாகக் கொண்டு 2004இல் அமெரிக்காவில் வெளியான அடிப்படை லேப்ராஸ்கோப்பித் தேர்வு, பின்னர் அங்கே பொது அறுவை மருத்துவர் சான்றிதழுக்கே கட்டாயமாயிற்று. அதில் முதல் பயிற்சி மிக எளியதாகத் தோன்றும். ஆறு சிறு வளையங்களை ஒரு பக்கத்து முளைகளிலிருந்து இடக்கைக் கருவியால் எடுத்து, நடுவெளியில் வலக்கைக்கு மாற்றி, மறுபக்கத்து முளையில் செருக வேண்டும். பிறகு அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். முதல் நாளில் வளையம் முளையைத் தொடாமல் காற்றில் துழாவும். ஆழம் தெரியாமல் கருவி ஒரு விரற்கடை முன்னாலோ பின்னாலோ நிற்கும். தோள்கள் காதுவரை ஏறிவிடும். இரண்டு வாரம் கழித்து அதே கை திரையைப் பார்த்தபடியே, யோசிக்காமல், வளையத்தை மாற்றும். அந்த 'யோசிக்காமல்' என்பதுதான் சம்பாத்தியம்: கையைப் பற்றிய கவலை ஒழிந்தால்தான் மனம் சிரையைப் பற்றி யோசிக்க இடம் கிடைக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், கணினிப் பாவனைக் கருவியில் முன்னரே பழகியவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தவறான திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அட்ரினலுக்குப் பெட்டிப் பயிற்சி போதாது என்பதும் உண்மை. சிரை கிழியும்போது சுருண்ட துணித்துண்டை வைத்து அழுத்தி, பொறுத்து, பிறகு பார்ப்பதை, குருட்டாம்போக்கில் கிளிப் போடும் தூண்டுதலை அடக்குவதை, எந்த வளையமும் முளையும் கற்றுத்தராது.

அதை ஆள்தான் கற்றுத்தர வேண்டும். நல்ல துறைகளில் படிகள் தெளிவாக இருக்கும். கற்பவர் முதலில் கேமராவைப் பிடிப்பார். இது கடைநிலை வேலை போலத் தோன்றினாலும், மூத்தவரின் கண் எங்கே போகிறது என்பதைத் தன் கையால் தொடர்வதைவிட நல்ல பாடம் இல்லை. பிறகு அறுவை துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கப்படும்: இன்று மண்ணீரலைத் திருப்புவது, அடுத்த முறை சிறுநீரகத்தின் மேல்முனையைக் காண்பது, கடைசிக் கட்டமான பையில் போட்டு வெளியே எடுப்பது. சிரை இறுதியில்தான் கைக்கு வரும். அதன்பின் முழு அறுவை மூத்தவர் எதிரில் நிற்க. அடுத்து மூத்தவர் அறுவையில் சேராமல் அரங்கில் உட்கார்ந்திருக்க. கடைசியில் அவர் அடுத்த அறையில் இருக்க. இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிவிட அவசரப்படுத்தும் அழுத்தம் எப்போதும் இருக்கும், அறுவைப் பட்டியல் நீளம் ஒரு காரணம், கற்பவரின் ஆவல் இன்னொன்று. தன் அறுவையின் காணொலியைத் தானே போட்டுப் பார்ப்பது இந்தப் பயிற்சியில் மிக மலிவான, மிகக் குறைவாகப் பயன்படும் கருவி. மிச்சிகன் மாநிலத்தில் எடைகுறைப்பு அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் ஆளுக்கு ஒரு காணொலி கொடுக்க, சக மருத்துவர்கள் பெயர் தெரியாமல் அவற்றுக்கு மதிப்பெண் இட்டார்கள்; கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல்கள் 14.5 விழுக்காடு, முதல் கால்பங்கினரிடம் 5.2 விழுக்காடு என்று 2013இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. பழகிய கண் ஒரு காணொலியிலேயே கையின் தரத்தை அறிந்துவிடுகிறது என்றால், பயிற்சியின்போது அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் விடுவது பெரும் இழப்பு.

முதுகுப்புற வழி இந்தக் கற்றல் கதையில் ஒரு திருப்பம். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் மார்ட்டின் வால்ட்ஸ் 1994இல் தொடங்கி வளர்த்த இந்த முறையில், நோயாளி குப்புறப் படுத்திருக்க, பன்னிரண்டாம் விலாவின் நுனிக்குக் கீழே குழாய்களைச் செலுத்தி, வயிற்றறையைத் தொடாமலேயே சுரப்பியை அடைகிறார்கள். கல்லீரலையோ மண்ணீரலையோ நகர்த்தும் வேலையே இல்லை. இருபக்கச் சுரப்பிகளையும் எடுக்க வேண்டியவரைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. முன்பு வயிற்று அறுவை நடந்தவருக்கும் இது வசதி. 2006இல் அந்தக் குழு 520 நோயாளிகளிடம் செய்த 560 அறுவைகளின் முடிவுகளை வெளியிட்டபோது உலகெங்குமிருந்து மருத்துவர்கள் கற்றுக்கொள்ள எஸ்ஸனுக்குப் போனார்கள். ஆனால் வயிற்றறை வழியில் தேர்ந்தவருக்கும் இங்கே எல்லாம் தலைகீழ். பழகிய அடையாளங்கள் எதுவும் கண்ணில் படாது, குறுகிய இடம், முதுகுத் தசையும் சிறுநீரகத்தின் மேல்முனையும்தான் திசைகாட்டி. வயிற்றறையில் இடம் உண்டாக்கச் செலுத்தும் வாயுவின் அழுத்தத்தை 12 முதல் 15 மில்லிமீட்டர் (பாதரசம்) வரை வைப்பவர்கள் இங்கே 20க்கு மேல் ஏற்றுகிறார்கள். அந்த அழுத்தம் சிறு சிரைகளை நசுக்கி, ரத்தமே இல்லாத தெளிவான களத்தைத் தருகிறது. புதியவரை ஏமாற்றுவதும் அதுவே. முடிக்கும் முன் வாயுவைக் குறைத்துச் சற்றுக் காத்திருந்து, அடங்கிக் கிடந்த கசிவு தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் நைமேகன் நகரில், வயிற்றறை வழியில் ஏற்கனவே அனுபவம் மிகுந்த மையத்திலேயே இந்த வழிக்கு மாறியபோது, கற்றல் காலம் 24 முதல் 42 அறுவைகள் வரை நீண்டதாக 2017இல் பதிவு செய்தார்கள். அனுபவம் அப்படியே இடம்மாறி வந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ரோபோ கருவிகள் நடுக்கத்தை வடிகட்டும், ஆழத்தைக் காட்டும், மணிக்கட்டுபோல் வளையும். சிரை எங்கே இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

எண்ணிக்கை குறைவு என்ற அடிப்படைச் சிக்கலுக்குத் தீர்வு அறுவைகளை ஒருங்கு திரட்டுவதுதான் என்ற முடிவுக்கு ஐரோப்பியத் துறையினர் பெரும்பாலும் வந்துவிட்டார்கள். அட்ரினல் அறுவை செய்பவர் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு செய்ய வேண்டும் என்றும், அட்ரினல் புற்றுநோயைத் தொடுபவர் இருபதுக்கு மேல் செய்பவராக இருப்பது விரும்பத்தக்கது என்றும் அங்குள்ள வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. ஆறு என்பது பெருமைப்படத்தக்க எண்ணல்ல. இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஆயினும் இங்கிலாந்துக் கணக்கில் ஆறில் ஐந்து பேர் அந்தப் படியைக்கூட எட்டவில்லை. இந்தியாவில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனி உயர்சிறப்புப் பட்டம் உண்டு. லக்னோவின் சஞ்சய் காந்தி நிறுவனம், சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அது கற்பிக்கப்படுகிறது. இத்தகைய துறைகளில் அறுவையாளரும் ஹார்மோன் நோய் மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒரே மேசையில் பேசிக்கொள்ள முடிகிறது. அரிய அறுவையைக் கற்பவருக்கு அந்த மேசை அறுவை மேசைக்கு நிகரானது என்பது என் கருத்து: எந்தக் கட்டியை எடுக்க வேண்டாம் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

ஒருங்கு திரட்டுவதற்கு விலையும் உண்டு. தொலைதூரத்து நோயாளி ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் இழந்து பெருநகரத்துக்கு வர வேண்டும்; துணைக்கு வருபவருக்கும் அதே இழப்பு. மாவட்ட மருத்துவமனையில் திறமையான லேப்ராஸ்கோப்பி மருத்துவர் இருக்கும்போது ஏன் அனுப்ப வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அட்ரினல் கட்டி நாளைக்கே எடுத்தாக வேண்டிய அவசரம் மிக அரிது. ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவருக்கே அறுவைக்கு முன் ஒன்றிரண்டு வாரத் தயாரிப்பு உண்டு. அந்த இடைவெளி, சரியான இடத்தைத் தேடிப் போகப் போதுமானது.

அப்படிப் போகும் நோயாளி மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாத கேள்விகள் சில: கடந்த ஓராண்டில் இந்த அறுவையை எத்தனை முறை செய்தீர்கள், அவற்றில் எத்தனை என்னுடைய பக்கத்தில், எத்தனை முறை திறந்த அறுவைக்கு மாற வேண்டி வந்தது, நீங்கள் பயிற்சியில் இருப்பவரானால் உங்கள் அருகில் நிற்கப்போவது யார்? மூன்றாவது கேள்விக்கு 'ஒருமுறைகூட இல்லை' என்று வரும் பதிலைவிட, "இரண்டு முறை, ஒன்றில் சிரை கசிந்தது, இன்னொன்றில் கட்டி கல்லீரலோடு ஒட்டியிருந்தது" என்று நிதானமாக வரும் பதில் கூடுதல் நம்பிக்கைக்கு உரியது. அந்த மருத்துவர் தன் அறுவைகளைக் குறித்து வைத்திருக்கிறார். எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது.